பழைய டீசல் லாரி: புகையும் சூடும் – அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் முறை

இங்கே சொல்வதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத டீசல் இன்ஜினுக்கு. இன்லைன் பம்ப் என்றாலும் ரோட்டரி பம்ப் என்றாலும், இயந்திர முறையில் டீசல் அடிக்கிற வண்டி. காமன் ரெயில் வண்டிக்கும் (ஒரே பொதுக் குழாயில் தேக்கிய உயர் அழுத்த டீசலைக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் தெளிக்கும் வண்டி) இதில் பாதி பொருந்தும். ஆனால் கீழே வரும் 'இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் உறுப்பு) பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும்' சோதனையை அதில் ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தக் குழாய்களில் 1000 பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

புகையும் சூடும் சேர்ந்து வந்தாலே 'ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போச்சு' என்று ஹெட்டைக் கழற்றிவிடுகிற வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கழற்றி, ஃபேஸ் அடித்து (முகத்தைச் சமமாகத் தேய்த்து), புது கேஸ்கட் போட்டு ஓட்டினால் அதே புகை, அதே சூடு. கோளாறு ஒரு ஹோஸ் கிளிப்பிலோ, பாதி மூடிக்கிடந்த எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை மூடி வண்டியின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) தகட்டிலோ இருந்திருக்கும். ஹெட் கடைசி வேலை. அதற்கு முன் காசு செலவாகாத சோதனைகள் பத்துப் பதினைந்து இருக்கின்றன.

டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது 'எப்போது' என்பது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகையா, மேட்டில் லோடுடன் ஏறும்போதா, இறக்கம் இறங்கி மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா? நெரிசலில் நின்றால் சூடேறுகிறதா, நெடுஞ்சாலையில் ஓடும்போதா? இந்தப் பதில் கிடைத்தாலே சந்தேகப் பட்டியல் கால்வாசியாகிவிடும். அடுத்த கேள்வி: கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தார்கள்? பம்பை இறக்கி ஏற்றிய மறுநாள் தொடங்கிய புகைக்குக் காரணத்தைப் பிஸ்டன் ரிங்கில் தேடக் கூடாது.

கரும்புகை

டீசல் முழுதாக எரியாமல் கரியாக வெளியே வருவதுதான் கரும்புகை. காற்று குறைந்திருக்கும், அல்லது டீசல் கூடியிருக்கும், அல்லது டீசல் பொடியாகத் தெளிக்காமல் சொட்டியிருக்கும். டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ள வண்டியில் சட்டென்று ரேஸ் கொடுத்தால் ஒரு நொடி குப்பென்று வந்து அடங்கும் புகை இயல்பு. டர்போ வேகம் பிடிக்கும் வரை காற்று பின்தங்குகிறது, அவ்வளவுதான். லோடில் விடாமல் வருவதுதான் கோளாறு. நிறுத்திவைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்து 'புகை இல்லையே' என்று சொல்லாதீர்கள். கரும்புகையை லோடில்தான் பார்க்க முடியும்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். ஃபில்டர் கூட்டிலோ அதன் பின்னாலிருக்கும் குழாயிலோ சிவப்பு காட்டி இருந்தால் அது சிவப்பில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலிமென்ட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் வைத்து இருட்டில் பாருங்கள். ஒளி சுற்றிலும் சமமாகத் தெரிய வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்குக் குறைவாக. ஒட்டிவைத்து அடித்தால் தாள் கிழியும். கிழிசல் வழியே போகும் புழுதி மூன்று மாதத்தில் ரிங்கையும் லைனரையும் தின்றுவிடும். ஃபில்டர் கூடு வரை வரும் குழாயையும் மறக்காதீர்கள். உள்படலம் உரிந்து வழியை அடைத்த ரப்பர் ஹோஸ் வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும்.

அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கூடு) வழியாக இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) வரையிலான பாதை. கசியும் இடத்தில் எண்ணெயும் தூசியும் கலந்து ஒரு கறுப்புக் கோடு படிந்திருக்கும். லோடில் 'உஸ்ஸ்' என்று நீண்ட சத்தம் கேட்கும். உறுதி செய்ய, டர்போவின் காற்று நுழையும் வாயில் இறுக்கமான மூடி ஒன்றைப் போட்டு, அதன் வழியே 0.7 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, மூட்டுகளிலெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். திறந்திருக்கும் வால்வுகள் வழியே கொஞ்சம் காற்று உள்ளே போகத்தான் செய்யும், அதைக் கசிவென்று எண்ண வேண்டாம். இன்டர்கூலரின் பக்கத் தொட்டி மூட்டில் முடி அளவு வெடிப்பு இருந்தால் இந்தச் சோதனையில்தான் தெரியும்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பம்பின் பூஸ்ட் டயஃப்ரத்துக்கு (டர்போ அழுத்தத்துக்கேற்ப டீசலைக் கூட்டும் சவ்வு) போகும் சிறு குழாய் உடைந்தாலோ டயஃப்ரம் கிழிந்தாலோ பம்ப் டீசலைக் கூட்டாது. அப்போது புல்லிங் (இழுவை) இருக்காது, ஆனால் புகையும் இருக்காது. இன்டர்கூலர் ஹோஸ் கசிந்தால் புல்லிங் குறைவதோடு கரும்புகையும் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சும்மா இருந்த பம்பைத் திருகிவிட்டவர்கள் அநேகம்.

டர்போவைக் கையால் பார்க்கலாம், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இன்டேக் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் தள்ளினால் கைக்குத் தெரிகிற ஆட்டம் கூடாது. பக்கம் தள்ளிப் பிடித்துச் சுற்றும்போது பிளேடு கூட்டைத் தொட்டால் டர்போ முடிந்தது.

பிறகு வெளியேறும் பாதை. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள லாரியில் அந்தத் தகடு ஷாஃப்டில் கரி இறுகி பாதியில் நின்றுவிடும். அறிகுறிகள் மூன்றும் சேர்ந்தே வரும்: புல்லிங் இல்லை, கரும்புகை, சூடு. கேபினுக்கு அடியில் படுத்து, லீவரைக் கையால் முழுதும் தள்ளிப் பாருங்கள். பல தகடுகளில் ஷாஃப்ட் முனையில் ஒரு வெட்டுக்கோடு இருக்கும்; தகடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அது காட்டும். கோடு குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. சைலன்சருக்குள் தடுப்புத் தகடு உடைந்து வழியை மறிப்பதும் இதே அறிகுறியைத்தான் தரும்.

காற்றும் எக்ஸாஸ்டும் சரியென்று தெரிந்த பின்னரே டீசல் பக்கம் போக வேண்டும். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்கள். கண்ணாடி அணிந்து, துணி சுற்றி, கையை நேராக நீட்டாமல். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் தடுமாறும், சத்தம் மாறும். நிறுத்தியும் ஓட்டம் மாறாமல் புகை மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டர்தான். அந்த இன்ஜெக்டரை நல்ல சிலிண்டரின் இன்ஜெக்டரோடு இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர். அதே சிலிண்டரில் நின்றுவிட்டால் கம்ப்ரஷன், டாப்பெட் இடைவெளி, அல்லது பம்பில் அந்தச் சிலிண்டருக்கான எலிமென்ட்டும் டெலிவரி வால்வும்.

டெஸ்டரில் இன்ஜெக்டரை வைத்தால் பார்க்க வேண்டியவை மூன்று. திறக்கும் அழுத்தம்: பழைய நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பெரும்பாலும் 180 முதல் 250 பார் வரை, உங்கள் இன்ஜினுக்கான எண் கையேட்டில் இருக்கும். கசிவு: திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே நிறுத்திவைத்து 10 விநாடி எண்ணுங்கள், நுனியிலிருந்து சொட்டு விழக் கூடாது. தெளிப்பு: எல்லாத் துளையிலிருந்தும் ஒரே அளவாக மூடுபனி போல வர வேண்டும். ஒரு துளையிலிருந்து மட்டும் ஊசி போல நேர்க்கோடாக வந்தால் அது பிஸ்டனையே துளைக்கிற நாசில்.

இன்ஜெக்டருக்கு அடியிலிருக்கும் செம்பு வாஷர் சின்னப் பொருள், ஆனால் அதனால் வரும் தொல்லை பெரிது. கழற்றும்போது பழைய வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் புது வாஷரோடு இன்ஜெக்டரை இறக்கினால் இரண்டு வாஷர் ஆகிவிடும். நாசில் நுனி மேலே ஏறி, பிஸ்டன் குழியில் விழ வேண்டிய டீசல் விளிம்பில் விழும். எல்லா இன்ஜெக்டரையும் டெஸ்டரில் வைத்துச் சரிபார்த்தாயிற்று, ஆனாலும் புகை நிற்கவில்லை என்றால் டார்ச் அடித்துக் குழிகளைப் பாருங்கள். கூடவே வாஷரின் தடிமனையும் அளந்து பாருங்கள்.

பம்பில் ஃபுல்லோடு ஸ்க்ரூவின் சீல் உடைந்திருந்தால், யாரோ 'பவர் ஏற்ற' அதைத் திருகியிருக்கிறார்கள் என்று பொருள். கூடுதல் டீசலுக்குக் கூடுதல் காற்று கிடைக்காது. மிச்சம் கரியாகப் போகும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், தண்ணீரும் சூடாகும். கண்ணால் புகை பார்த்துத் திரும்பத் திருகிச் சரிசெய்வது சூதாட்டம். பம்பை இறக்கி பெஞ்சில் அளவு வைத்து சீல் போட்டு வாங்குவதே வழி.

வெள்ளைப் புகை

இது எரியாத டீசலா, தண்ணீர் ஆவியா என்று முதலில் பிரிக்க வேண்டும். எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும், டீசல் நாற்றம் அடிக்கும், காற்றில் நெடுநேரம் மிதந்து நிற்கும். ஆவி கண்ணை எரிக்காது, சைலன்சர் வாயிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும். கூலன்ட் கலந்திருந்தால் லேசான இனிப்பு வாடை வரும். சந்தேகம் இருந்தால் வெள்ளை அட்டை ஒன்றைப் புகையில் 10 விநாடி காட்டிவிட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்க் கறை மிஞ்சினால் டீசல்.

டீசல் வெண்புகை காலையில் ஓரிரு நிமிடம் வந்து, இன்ஜின் சூடானதும் நின்றால், குளிர்ந்த இடங்களில் அதைக் கோளாறாகக் கொள்ள வேண்டாம். நாளுக்கு நாள் நேரம் நீண்டால் கவனிக்கத்தான் வேண்டும். க்ளோ ப்ளக் (ஸ்டார்ட் செய்ய எரியறையைச் சூடாக்கும் மின் ப்ளக்) உள்ள இன்ஜினில் ஒவ்வொரு ப்ளக்கின் கம்பியையும் கழற்றி, பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்து டெஸ்ட் விளக்கு வழியாக ப்ளக் முனையைத் தொடுங்கள். விளக்கு எரியாவிட்டால் அந்த ப்ளக் அறுந்திருக்கிறது. பெரிய நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பல க்ளோ ப்ளக் இல்லாதவை, அங்கே கேள்வி நேராகக் கம்ப்ரஷனுக்குப் போகும்.

கம்ப்ரஷன் பார்க்க டீசலுக்கான கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் தாங்காது. நல்ல இன்ஜின் பொதுவாக 25 முதல் 35 பாருக்குள் காட்டும். 20க்குக் கீழே போனால் ஸ்டார்ட்டிங் தொல்லையும் வெண்புகையும் நிச்சயம். எண்ணை விட முக்கியம், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3–4 பாரைத் தாண்டாமல் இருப்பது. பெட்ரோல் இன்ஜினில் செய்வது போல ஆயில் ஊற்றிப் பார்க்கும் சோதனையை டீசலில் செய்யாதீர்கள். எரியறை அவ்வளவு சிறியது. ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்து எண்ணைப் பொய்யாக ஏற்றும், கொஞ்சம் கூடினால் கனெக்டிங் ராடை வளைக்கும்.

வெண்புகையோடு விட்டுவிட்டு மிஸ்ஸிங் அடித்தால் டீசலில் காற்று. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே கசிந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஃபீட் பம்புக்கு முன்னால் ஓரடி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் போட்டு ஓட்டிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பான்ஜோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) வாஷர், வெடித்த ரப்பர் குழாய், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் – பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

பம்பை இறக்கி ஏற்றிய பிறகு ஆரம்பித்தால் டைமிங். ஒரு பல் பின்தங்கினால் குளிரில் வெண்புகை, லோடில் கரும்புகை, போதாததற்கு தண்ணீரும் சூடாகும். ஒரு பல் முந்தினால் சம்மட்டியால் அடிப்பது போல 'டக் டக்' சத்தம். இன்லைன் பம்பில் ஸ்பில் முறையில் சரிபார்க்கலாம். முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, ரேக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழு டெலிவரி நிலையில் வைத்து, டீசல் வழிந்தபடி இருக்கும்போது இன்ஜினை அது சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஓட்டம் நின்று சொட்டாக மாறும் இடத்தில் ஃப்ளைவீல் குறி இன்ஜின் தட்டில் எழுதியிருக்கும் டிகிரியோடு ஒத்துப்போக வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பி நிறுத்தாதீர்கள். கியர் இடைவெளி பொய் சொல்லும். கால் சுற்றாவது பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள்.

நீலப் புகை

ஆயில் எரிகிறது. முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலே புகை வரும். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் ஆயிலில் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. டீசல் என்றால் முகர்ந்தாலே தெரியும், விரலிடையில் தேய்த்தால் பிசுபிசுப்பு இருக்காது. ஃபீட் பம்பின் சீலையும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாய்களையும் பாருங்கள். ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள பழைய வண்டியில் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் அதை இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும்.

இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது நெடுநேர ஐட்லிங்குக்குப் பின் ரேஸ் கொடுத்ததும் ஒரு கொத்தாக வந்து அடங்கினால் வால்வு சீலும் கைடும். லோடில் தொடர்ந்து வந்தால் ரிங்கும் லைனரும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துளை மேல் சும்மா வையுங்கள். மெல்ல நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து புகை குபுகுபுவென வந்தால் ரிங் போய்விட்டது. ஆனால் இந்தத் தீர்ப்புக்கு முன் பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்டர்கூலர் குழாயில் ஆயில் தேங்கி நின்றால் டர்போ. அதை மாற்றுவதற்கு முன் டர்போவிலிருந்து சம்புக்கு (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும் ஆயில் குழாயைக் கழற்றிக் கரி அடைப்பு பாருங்கள். வடிய வழியில்லாத ஆயில் நல்ல சீலையும் தாண்டி வரும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அந்த உறிஞ்சல் ஆயிலை இழுத்துவிடும். இந்த இரண்டையும் பார்க்காமல் போட்ட புது டர்போவும் அடுத்த மாதம் புகைவிடும்.

டர்போ சீல் முழுக்க விட்டுப்போனால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வேகமெடுக்கும். அப்போது காற்று வாயைக் கனமான பலகையால் அடைக்க வேண்டும். கையால் கூடாது, துணியாலும் கூடாது; இரண்டையும் இழுத்துக்கொள்ளும். வண்டி நின்றிருந்தால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதும் மிதித்து, கிளட்சை விட்டு அணைக்கலாம். இரண்டும் முடியாத நிலையில் இன்ஜின் பக்கம் நிற்காமல் விலகிவிடுங்கள்.

சூடு

முதலில் மீட்டர் சொல்வது உண்மையா என்று பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டில் காட்டுங்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அளக்க வேண்டும். 80 முதல் 95 டிகிரி இயல்பு. மீட்டர் சிவப்பிலும் வெப்பமானி 85லும் இருந்தால் மீட்டருக்குச் சூட்டை உணர்ந்து சொல்லும் சென்டர் (sender), அதன் கம்பி, அல்லது இன்ஜினின் எர்த்.

சூடு உண்மைதான் என்றால், மறுபடி அதே கேள்வி: எப்போது?

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன். பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 10–15 மி.மீ. இறங்க வேண்டும். புல்லியின் பள்ளம் கண்ணாடி போலப் பளபளத்தால், பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது. விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கேற்ப உள்ளிருக்கும் கெட்டித் திரவத்தால் பிடிமானம் கூடும் ஃபேன்) என்றால், சூடான இன்ஜினை அணைத்துவிட்டு கையால் சுற்றுங்கள். கனமாகத் தடை தெரிய வேண்டும். சும்மா சுழன்றாலோ, நடுவிலிருந்து ஆயில் கோடுகள் கதிர் போலப் பரவியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். ஃபேனைக் கழற்றி மாட்டியிருந்தால் முன்பின் மாறியிருக்கிறதா பாருங்கள்: தலைகீழாக மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் அளவு குறையும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. உடைந்த ஃபேன் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவதும் இந்த வகைதான்.

லோடில், மேட்டில், வேகத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டரும் தண்ணீர் ஓட்டமும். இன்டர்கூலர் முன்னால் நிற்கிற வண்டியில் ரேடியேட்டரின் முன்முகம் கண்ணுக்கே தெரியாது. வெளியிலிருந்து இன்டர்கூலர் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே புழுதியும் பூச்சியும் வைக்கோலும் ஆயிலோடு சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். போல்ட்டைக் கழற்றி இன்டர்கூலரைக் கொஞ்சம் முன்னே சாய்த்தால்தான் தெரியும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, தாழ்ந்த அழுத்தத்தில், நேராகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடிந்து பழைய அடைப்பை விட மோசமாகிவிடும்.

உள் அடைப்பை வெப்பமானி காட்டும். தெர்மோஸ்டாட் திறந்த பின் ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்து வாருங்கள். சுற்றிலும் 80 இருக்க ஓரிடம் மட்டும் 50 காட்டினால் அங்கே குழாய்கள் உப்பு படிந்து அடைத்துவிட்டன. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் வித்தியாசத்தையும் பாருங்கள். லோடு ஓட்டி வந்ததும் 6–12 டிகிரி இருந்தால் ஓட்டம் சரி. 25–30 டிகிரி வித்தியாசம் இருந்தும் இன்ஜின் கொதித்தால் தண்ணீர் மெதுவாகத்தான் ஓடுகிறது: அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது பாதி திறந்த தெர்மோஸ்டாட். இரண்டு ஹோஸும் ஒரே மாதிரி கொதித்தால் காற்று வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை: ஃபேனும் வெளித்தூசியும்.

கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால், ரேஸில் ஹோஸ் ஒட்டிப்போகும். ஐட்லிங்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்னொருவரை 2000 சுற்றுக்கு ரேஸ் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். வாட்டர் பம்பில் அடித்துளையிலிருந்து கசிந்தால் சீல். கசியாமலே கெடுவதும் உண்டு: இம்பெல்லர் ஷாஃப்டில் தளர்ந்து வழுக்கும், அல்லது இறகுகள் அரித்துப்போயிருக்கும்.

ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி நிற்கிறது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குங்கள், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 12–15 டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். கெட்டால் மாற்றுங்கள், எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள். பல லாரி இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, வண்டி இன்னும் சூடாகும். 'தெர்மோஸ்டாட்டை எடுத்தும் ஹீட் குறையலை, அப்போ ஹெட்தான்' என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது.

ரேடியேட்டர் மூடியையும் குறைத்து எண்ணாதீர்கள். மூடி 1 பார் பிடித்தால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தால் 100லேயே கொதித்து வெளியே தள்ளும். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாமலே வண்டி கொதிக்கும்.

ரேடியேட்டரில் குமிழி

தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே கசிவில்லை. அல்லது ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுகிறது. தண்ணீர் இன்னும் சூடாகாத நிலையில் அந்த அழுத்தம் ஆவியால் வந்திருக்க முடியாது.

ஆறிய இன்ஜினில் ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி, வாட்டர் பம்ப் சுற்றாமலிருக்க பெல்ட்டைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். முதலில் வரும் சில குமிழிகள் அடைபட்ட காற்று. விடாமல் வந்தால் வாயு கசிகிறது.

இங்கேதான் பலரும் ஹெட்டுக்குத் தாவுகிறார்கள். ஏர் பிரேக் லாரியில் இன்னொரு வழி இருக்கிறது: தண்ணீரால் குளிரும் ஏர் கம்ப்ரஸர். அதன் ஹெட்டில் வெடிப்போ கேஸ்கட் கசிவோ இருந்தால் அழுத்தக் காற்று நேராகக் கூலன்டுக்குள் போகும். ரேடியேட்டரில் குமிழி, தண்ணீர் வெளியே தள்ளுதல், சூடு எல்லாமே ஹெட் கேஸ்கட் மாதிரியே இருக்கும். கம்ப்ரஸருக்குப் போகும் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி, இன்ஜின் பக்கத்து முனைகளை ஒன்றோடொன்று இணைத்து, கம்ப்ரஸருக்குத் தண்ணீர் இல்லாததால் இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றால் ஒரு பெரிய செலவு மிச்சம். ஏர் டேங்க்கின் வடிகாலைத் திறந்தால் கூலன்ட் வருவதும் இதே கோளாற்றின் சாட்சி.

நிற்கவில்லையென்றால் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எந்தச் சிலிண்டரில் குமிழி குறைகிறதோ அங்கே கசிவு. எரிந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவமும் கிடைக்கிறது. வாயு பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டீசல் ஐட்லிங்கில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, ஆகவே நிறம் மாறாததை வைத்து ஹெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், கேஸ்கட்டை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஹெட்டின் சமதளம், வால்வுகளுக்கிடையே வெடிப்பு, பிளாக்கின் முகத்துக்கு மேல் லைனர் எவ்வளவு எழும்பியிருக்கிறது – மூன்றையும் அளக்க வேண்டும். ஒரு லைனர் மட்டும் தாழ்ந்திருந்தால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் அந்த இடத்தில்தான் விடும். வெட் லைனரின் (வெளிப்புறம் நேராகத் தண்ணீர் படும் சிலிண்டர் உறை) வெளிப்புறத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் தெரிந்தால் அது வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன். லைனர் அதிரும்போது தோன்றி வெடிக்கும் நுண்குமிழிகள் இரும்பைக் கொத்தித் தின்றிருக்கின்றன.

கூலன்டில் ஆயில் மிதக்கிறது, ஆனால் டிப் ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை என்றால் முதலில் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீரை விடப் பல மடங்கு அதிகம், அதனால் கசிவு அந்தத் திசையில்தான் போகும்.

புகையும் சூடும் சேர்ந்தால்

கரும்புகையும் சூடும் என்றால் இன்ஜின் செய்ய வேண்டியதற்கு மேல் உழைக்கிறது, அல்லது வெப்பம் தவறான நேரத்தில் வெளியாகிறது. பார்க்க வேண்டியவை: எக்ஸாஸ்ட் பிரேக், ஏர் ஃபில்டர், பின்தங்கிய டைமிங், திருகப்பட்ட பம்ப். இவற்றோடு யாரும் நினைக்காத ஒன்று, பிடித்தபடி ஓடும் பிரேக். பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்மையும் வெப்பமானியால் அளந்தால் ஒன்று மட்டும் தனியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஆவி வெண்புகையும் சூடும் என்றால் மேலே சொன்ன குமிழிச் சோதனை. நீலப் புகையும் சூடும் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை கொதித்து ரிங் இளகிய இன்ஜின். அங்கே சூட்டின் காரணத்தைச் சரிசெய்யாமல் ரிங் மாற்றினால் பணம் இரண்டு தடவை போகும்.

வழியில் கொதித்தால், பிறகு நிரப்பும்போது

பெல்ட் அறுந்தாலோ தண்ணீர் கொட்டிவிட்டாலோ உடனே அணையுங்கள். தண்ணீர் இருக்கிறது, மீட்டர் மட்டும் ஏறுகிறது என்றால் உடனே அணைக்காமல் நியூட்ரலில் 1000–1200 சுற்றில் விடுங்கள். ஃபேனும் பம்பும் ஓடட்டும். ஹீட்டர் இருந்தால் முழுதும் திறந்துவிடுங்கள். ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பின்பே ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும். காய்ந்து கிடக்கும் சூடான பிளாக்கில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும்.

வேலை முடிந்து நிரப்பும்போது கூலன்டும் உப்பில்லாத தண்ணீரும் பாதிக்குப் பாதி. மெதுவாக ஊற்றுங்கள், காற்று வெளியேற நேரம் வேண்டும். காற்று வெளியேற்றும் ஸ்க்ரூக்களைத் திறந்துவைத்து, குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் மூடுங்கள். தெர்மோஸ்டாட்டில் சிறு துளையோ ஊசியோ இருந்தால் அது மேல் நோக்கி இருக்க வேண்டும். மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள். அடுத்த இரண்டு நாள் காலையிலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவைப் பாருங்கள். முதல் நாள் அரை லிட்டர் இறங்கினால் உள்ளே தங்கியிருந்த காற்று. இரண்டாம் நாளும் இறங்கினால் மறுபடி குமிழிச் சோதனை.